முதல்ல அடிச்சது எங்கே போச்சு?

ஜனவரி 14

பெட்டிக்கார இன்ஜினியரின் மகளுக்கு,

அது எந்த வருடம் என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வருடத்துக்கு எண் தெரியாது, அடையாளம்தான் தெரியும். வால் நட்சத்திரம் வந்த வருடம் அது. ஊரே மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம், மேகம் விலகவே இல்லை. ஆற்றுப் பாலத்தின் நடுத்தூண் இறங்கி, லாரிகள் எல்லாம் ஏழு மாதம் சுற்றுவழியில் போயின. வெயிலும் அந்த வருடம் சீக்கிரம் வந்துவிட்டது, ஐஸுக்கு அடிதடி. அந்த வருடம்தான் உங்கள் அப்பா எங்கள் ஐஸ் ஃபேக்டரிக்குள் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அந்த வருடம்தான் என் தம்பி செத்தான்.

போனில் பேசலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். என் காது செத்து ஆறு வருடம் ஆகிறது. ஒரு காலத்தில் ஃபேக்டரியில் எனக்கு ‘காது’ என்றுதான் பெயர். பத்தடி தள்ளி நின்றே எந்த வால்வு இருமுகிறது என்று சொல்லிவிடுவேன். எழுத்துதான் வரவில்லை, கையெழுத்து போடச் சொன்னால் கட்டைவிரலை நீட்டுகிற ஆள். சொல்வது நான், எழுதுவது என் தம்பி மகள். அப்பா செத்தபோது அவளுக்கு மூன்று வயது, வளர்த்தது நான். உங்கள் கடிதத்தை என் இடது காதில் கத்திக் கத்திப் படித்தாள். இப்போது பக்கத்து வீட்டுக்காரருக்கும் விஷயம் முழுக்கத் தெரியும்.

கேட்டதற்குப் பதில். பிள்ளைகள் வீட்டில் வைத்து விளையாடுகிற கம்ப்யூட்டர் அது. பொத்தான் பலகைக்குள்ளேயே எல்லாம் அடக்கம், ஒரு டிவி, ஒரு கேசட் பெட்டி. அம்மோனியா நிற்கிற மூன்று கலன்களிலிருந்தும் ஒயர் இழுத்து அதில் சொருகினார் உங்கள் அப்பா. அழுத்தம் ஏறினால் அது மணி அடிக்கும், நாங்கள் வால்வைத் திருகிவிட்டு வெளியே ஓட ஐந்து நிமிடம் கிடைக்கும். அதுதான் பேச்சு.

அன்றைக்கு மூன்றாம் கலனின் வெல்டிங் தையல் விட்டது. மணி அடிக்கவில்லை. தம்பியும், ஐஸ் அறுக்கிற இரண்டு பேரும் உள்ளே. நான் தண்ணீர்த் தொட்டி பார்க்கப் போயிருந்தேன். கோர்ட்டில் உங்கள் அப்பா, தான் போன் பண்ணி இரண்டாம் கலனின் மணியை மட்டும் நிறுத்தச் சொன்னதாகச் சொன்னார். போன் எதுவும் வரவில்லை என்று நான் சொன்னேன். இன்றைக்கும் அதேதான் சொல்வேன். ஐந்து வருடம் உள்ளே இருந்தார் என்று கேள்விப்பட்டேன். என் தம்பி முப்பத்தெட்டு வருடமாக உள்ளே இருக்கிறான்.

இப்படிக்கு,
காது

(எழுதுகிறவள் சேர்ப்பது: எனக்கு என் அப்பாவின் முகம் போட்டோவில்தான் தெரியும். உங்கள் அப்பாவை நான் மன்னிக்கவில்லை. கேட்காததைச் சொன்னதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)


ஜனவரி 29

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் தம்பி மகள் கடைசியில் சேர்த்ததையும் படித்தேன்.

நான் பிறந்த மூன்றாம் நாள் உங்கள் தம்பி இறந்தார். எங்கள் வீட்டில் என் பிறந்த நாளை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அப்பா ஜெயிலிலிருந்து வந்தபோது அம்மா கதவைத் திறக்கவில்லை. பிறகு வேறு ஊரில் தனியாக இருந்தார். வருடத்துக்கு ஒரு கடிதம் எனக்கு வரும். எல்லாவற்றிலும் ஒரே வரி: ‘தவறு இன்னும் கிடைக்கவில்லை.’ நான் ஒன்றுக்கும் பதில் போட்டதில்லை. போன வருடம் இறந்தார். அவருடைய டிரங்குப் பெட்டி மட்டும் என்னிடம் வந்தது.

அதில் பதினொரு நோட்டுகள். பெட்டிக்காக அவர் அசெம்பிளி என்ற மெஷின் மொழியில் எழுதிய நிரலை வரி வரியாகக் கையால் எழுதி, கம்ப்யூட்டர் இல்லாமல், தானே கம்ப்யூட்டராக உட்கார்ந்து ஓட்டிப் பார்த்திருக்கிறார். முப்பது வருடம். தவறு தன் எழுத்தில்தான் இருக்கிறது என்று நம்பியே செத்திருக்கிறார்.

நோட்டுகளுக்கு அடியில் இரண்டு கேசட். ஒன்று அவர் வீட்டில் எழுதிய மூலம். மற்றொன்று ஃபேக்டரியில் ஓடியது. விடுதலையான அன்று பெல்ட்டோடும் வாட்சோடும் சேர்த்து அதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். போட்டுப் பார்க்க அவரிடம் மெஷின் இல்லை. தான் சொன்ன ஒரு மாற்றத்தைத் தவிர அதில் வேறென்ன இருக்கப்போகிறது என்றும் நினைத்திருப்பார்.

என் தொழிலும் கம்ப்யூட்டர்தான். அந்தப் பழைய மெஷினைப் போலவே வேஷம் கட்டி ஆடும் நிரல் ஒன்று இப்போது உண்டு, எமுலேட்டர் என்போம். என் லேப்டாப்புக்குள் அது அந்தக் காலத்து மெஷினாகவே இருக்கும், அதன் தப்புகளைக்கூட அச்சு அசலாகச் செய்யும். நிஜ மெஷினில் முடியாத ஒன்று இதில் முடியும். நடுவழியில் நிறுத்தி, ஒரு கட்டளைக்கு ஓர் அடி என்று நடக்கவிட்டு, உள்ளே அதன் நினைவகத்தில் எந்த அறையில் எந்த எண் கிடக்கிறது என்று பார்க்கலாம்.

ஒவ்வொரு கலனுக்கும் அப்பா பத்து அறைகளில் ஒரு சின்ன வேலை எழுதியிருக்கிறார். அழுத்தத்தைப் படி, எல்லையோடு ஒப்பிடு, மீறினால் மணியைக் கூப்பிடு. மணியைக் கூப்பிடும் கட்டளை கடைசி மூன்று அறைகளில் இருக்கும். இரண்டாம் கலனுக்கு அது தொடங்குவது 32163ஆம் அறையில். மூன்றாம் கலனுக்கு, பத்து தள்ளி, 32173இல்.

ஃபேக்டரி கேசட்டில் இந்த இரண்டு இடங்களிலும் அந்தக் கட்டளை இல்லை. இங்கே மூன்று சுழியம், அங்கே மூன்று சுழியம். அந்த மெஷினுக்குச் சுழியம் என்றால் ‘ஒன்றும் செய்யாதே’ என்று அர்த்தம்.

மூன்றாம் கலனில் அழுத்தம் ஏறுவதாகப் பொய் எண் கொடுத்து, அடி அடியாக நடத்திப் பார்த்தேன். படிக்கிறது. மீறிவிட்டது என்று தெரிந்துகொள்கிறது. மணி இருந்த இடத்துக்கு வருகிறது. ஒன்றும் செய்யாமல், ஒன்றும் செய்யாமல், ஒன்றும் செய்யாமல் தாண்டிப் போகிறது. அன்றைக்கும் இப்படித்தான் தாண்டியிருக்கும்.

ஐயா, நான் கேட்பது ஒன்றே ஒன்று. அப்பா அந்த வாரம் ஆஸ்பத்திரியில் அம்மாவோடு இருந்தார், ஃபேக்டரிக்கு வரவே இல்லை. போனும் வரவில்லை என்றால், அந்த ஆறு சுழியங்களையும் பெட்டிக்குள் போட்டது யார்?

இப்படிக்கு,
அவர் மகள்


பிப்ரவரி 11

இன்ஜினியர் மகளுக்கு,

அறுபது வரி எழுதிக் கடைசியில் கேள்வியை என் தலையில் கட்டுகிறீர்கள். அப்பாவைப் போலவே. அவரும் இப்படித்தான், சிரித்துக்கொண்டே பேசுவார், கடைசியில் வேலை நம் தலையில் விழுந்திருக்கும்.

யார் போட்டது என்று எனக்கு என்ன தெரியும்? ஒன்றுக்கும் ஏழுக்கும் வித்தியாசம் தெரியாத ஆள் நான். கோர்ட்டிலேயே உங்கள் அப்பாவின் வக்கீல் என் முன்னால் ஒரு தாளை நீட்டி, படி என்றார். தலைகீழாகப் பிடித்தேன். கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜ்கூடச் சிரித்தார். சிரித்துவிட்டு, இந்த ஆள் எங்கே கம்ப்யூட்டரில் எண் அடிக்கப்போகிறான் என்று சொல்லி என்னை இறக்கிவிட்டார்கள்.

பெட்டியில் போய்த் தவறு தேடுகிறீர்கள். அது என்ன பெரிய பெட்டி? வயசான வாய் மாதிரி இருக்கும் அதன் பொத்தான் வரிசை. மேல் வரிசையில் நாலாவது பல் அந்த வாரத் தொடக்கத்திலேயே விழுந்துவிட்டது. துணி போட்டுத் துடைத்தபோது கழன்று வந்தது, எங்கே உருண்டதென்று கிடைக்கவில்லை. மொட்டையாக ஒரு குச்சி நின்றது. உங்கள் அப்பாவுக்கு அதுகூடத் தெரியாது, அந்த வாரம் எட்டிப் பார்த்தால்தானே தெரியும்? இப்படி ஒரு ஓட்டைப் பெட்டியை நம்பி ஆள்களை அம்மோனியாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். என் காதை நம்பியிருந்தால் மூன்று பேரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

இனிமேல் எழுத வேண்டாம். படித்துப் படித்து இவளுக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது.

காது


பிப்ரவரி 26

மதிப்பிற்குரிய ஐயா,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது கடைசி. ஆனால் இதை நீங்கள் கேட்டே ஆகவேண்டும்.

அந்த விழுந்த பல்லை அப்பாவின் பதினொரு நோட்டிலும் தேடினேன். இல்லை. நீங்கள் சொன்னதுபோல அவருக்கு அது தெரியவே தெரியாது. முப்பது வருடம் அவர் தேடியது அங்கேதான் கிடந்திருக்கிறது.

மேல் வரிசையில் எண்கள் ஒன்றிலிருந்து ஒன்பதுவரை இருக்கும், கடைசியில் சுழியம். யாரோ ஒருவருக்குப் போனில் அப்பா சொல்லியிருக்கிறார். எண்ணாகச் சொல்லாமல் இடமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும்: மூணாவது, ரெண்டாவது, முதல், ஆறாவது, மூணாவது. 32163. பிறகு கடைசிப் பொத்தான், மூன்று தடவை. கேட்டவர் மொட்டைக் குச்சியைப் பொத்தானாகக் கணக்கில் எடுக்கவில்லை. தாண்டி எண்ணினார். மூன்று வரைக்கும் ஒன்றும் கெடவில்லை. ஆறாவது என்று அவர் விரல் வைத்தது ஏழில். 32173. உங்கள் தம்பி நின்ற கலனின் மணி போய்விட்டது.

ஆனால் நிறுத்த வேண்டிய மணி அதனால் நிற்கவில்லை, இரண்டாம் கலன் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. மறுபடி அடிக்கச் சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை சரியாக விழுந்தது. மணி நின்றது. முதல் தடவை அடித்ததை யாரும் திருப்பி எடுக்கவில்லை. எமுலேட்டரில் நானே ஒரு பொத்தானை விட்டு எண்ணி இரண்டு தடவையும் அடித்துப் பார்த்தேன். ஃபேக்டரி கேசட்டில் இருப்பது ஓர் அறைகூடப் பிசகாமல் வந்தது.

நீங்கள் எழுத்தறியாதவர், ஜட்ஜே சொன்னார். பெட்டி இருந்த இடத்தில் உங்களை விட்டால் வேலை செய்தது உங்கள் தம்பி ஒருவர்தான், அவர் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர் என்று கோர்ட் தாளில் இருக்கிறது. போனை எடுத்ததும் அடித்ததும் அவராகத்தான் இருக்க வேண்டும். எண் தெரிந்தவருக்கு அப்பா ஏன் இடமாகச் சொன்னார் என்பது மட்டும் விளங்கவில்லை. உங்களுக்குத் தெரியாமலே நடந்திருக்கலாம், அதனால் நீங்கள் சொன்ன சாட்சியைப் பொய் என்று நான் சொல்லவில்லை.

இறந்தவர்கள் நினைவாகத் தொழிலாளர் சங்கம் ஒரு புத்தகம் போடுகிறது. இந்தக் கணக்கையும் உங்கள் தம்பியின் பெயரையும் அதற்கு எழுதி அனுப்பப்போகிறேன், ஏப்ரல் முதல் வாரம். என் அப்பாவின் பெயரில் ஒட்டிய கறையைத் துடைக்க எனக்கு வேறு துணி இல்லை. இதை உங்களுக்குப் படிக்கப்போவது உங்கள் தம்பியின் மகள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

நான் நினைத்ததில் பிழை இருந்தால் சொல்லுங்கள்.

அவர் மகள்


மார்ச் 30

அம்மா,

உங்கள் கடிதம் வந்ததை ஒன்பது நாள் இவள் என்னிடம் சொல்லவில்லை. கரண்டு பில் என்றாள். கரண்டு பில்லைப் படித்துவிட்டு யாராவது சமையலறையில் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்களா? பத்தாம் நாள் பிடிவாதம் பிடித்துப் படிக்கச் சொன்னேன். படித்தாள், இந்தத் தடவை கத்தாமல். உதட்டைப் பார்த்தே எனக்கு எல்லாம் விளங்கியது. முடித்துவிட்டு, “எங்க அப்பாவா பெரியப்பா? மத்த ரெண்டு பேரையும் எங்க அப்பாவா?” என்று கேட்டாள். நான் கேட்காத மாதிரி இருந்தேன். செவிட்டுக்கு அது ஒரு வசதி.

மறுநாள் பார்த்தால் சுவரில் தம்பி போட்டோ இல்லை. பீரோ மேல் குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தாள். முப்பத்தெட்டு வருடம் தினம் காலையில் துடைத்த போட்டோ. இரண்டு வாரம் அந்த வெள்ளைச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். இன்றைக்குக் காலையில், “போட்டோவை எடுத்து மாட்டிட்டுப் பேனாவை எடு” என்றேன்.

இனி சொல்வதை இவளும் இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறாள்.

போன் வந்தது. முதல்நாள் சாயங்காலத்திலிருந்து இரண்டாம் கலன் மணி நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. கலனில் கோளாறில்லை, ஒயர் ஈரம் பட்டு உளறியது. காலை பத்து மணி இருக்கும். தம்பி மூன்றாம் கலனில் ஏணி மேல் நிற்கிறான். நான்தான் போனை எடுத்தேன். உங்கள் அப்பா குரலுக்குப் பின்னால் ஒரு பிள்ளை அழுதது, அப்போதுதான் பிறந்த பிள்ளையின் அழுகை, எனக்கு அது நன்றாகத் தெரியும். நீங்கள்தான்.

“தம்பியக் கூப்பிடுங்க, எண் அடிக்கணும்” என்றார்.

“எதுக்கு சார் அவன்? எழுத்துதான் எனக்கு வராது, எண்ண வரும். எத்தனாவது பொத்தான்னு சொல்லுங்க.”

அவர் சிரித்தார். “சரி, காது சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். அந்தப் பெட்டி வந்ததிலிருந்து ஃபேக்டரியில் என் காதை யாரும் மதிப்பதில்லை. அதன் மேல் எனக்கு ஒரு கடுப்பு, அதை நானே அடக்கிக் காட்டவேண்டும் என்று ஒரு வீம்பு. அவ்வளவுதான் அம்மா, வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

நீங்கள் எழுதின அதே வரிசைதான். மூணாவது, ரெண்டாவது, முதல், ஆறாவது, மூணாவது, பிறகு வலப்பக்கம் பெரிய பொத்தான். பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள். மொட்டைக் குச்சியை நான் எண்ணவில்லை. தலை இல்லாததை யார் பொத்தான் என்பார்கள்? “திரையில என்ன தெரியுது?” என்று கேட்டார். புழு நெளிகிற மாதிரி ஏதோ தெரிந்தது. “நீங்க சொன்னதுதான் தெரியுது சார்” என்றேன். கடைசிப் பொத்தான், பெரிய பொத்தான், மூன்று தடவை. மணி நிற்கவில்லை.

“விடுங்க, ஏறல போல. மறுபடி முதல்லேருந்து அடிங்க” என்றார்.

அதற்குள் தம்பி ஏணியை விட்டு இறங்கி வந்துவிட்டான். என் விரல் போகிற போக்கைப் பார்த்துவிட்டு, “ஏன் அண்ணே அதைத் தாண்டுறீங்க? தலை இல்லேன்னாலும் அதுவும் பொத்தான்தானே? நாளைக்கு எனக்கு முடி கொட்டினா என்னையும் விட்டுட்டு எண்ணுவீங்களா?” என்று சிரித்தான். அவன் சொன்னபடி எண்ணினேன். மணி நின்றது. அந்த அமைதியில் காது வலித்தது. உங்கள் அப்பா சந்தோஷப்பட்டு, கரண்டு போனால் மறந்துவிடும், கேசட்டில் ஏற்றிவிடுங்கள் என்றார். சிவப்புப் பொட்டு ஒட்டின பொத்தானை அமுக்கி ஏற்றினேன். போனை வைத்துவிட்டேன்.

ரிசீவரை வைத்த பிறகுதான் தம்பி கேட்டான்.

“அண்ணே, அப்போ முதல்ல அடிச்சது எங்கே போச்சு?”

“எங்கேயும் போகல. காத்தோட போச்சு. போய் வேலையப் பாரு.”

“இல்லண்ணே, ஒரு வார்த்தை சார்கிட்ட...”

“பொண்டாட்டி பிள்ளை முன்னாடி அண்ணனுக்குப் பாடம் எடுக்கிறியா?” என்றேன்.

அவன் ஏணிக்குத் திரும்பிவிட்டான். அவன் பெண்டாட்டி அப்போதுதான் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து வாசற்படியில் நின்றிருந்தாள். இப்போது இவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். கொஞ்சம் பொறுங்கள்.

எழுதுகிறாள்.

மூன்றாம் நாள் நான் தண்ணீர்த் தொட்டி பார்க்கப் போகவில்லை. கேட்டுக்கு எதிரில் முடிதிருத்துகிறவர் கடையில் உட்கார்ந்திருந்தேன். பாதி முகத்தில் சோப்பு நுரை, காதுக்குள்ளும் கொஞ்சம். கலன் பிளந்த சத்தம் கேட்டு ஓடினபோது உள்ளே போக முடியவில்லை, கண்ணைத் திறக்க முடியவில்லை. மணியின் சத்தத்தைத்தான் தேடிக்கொண்டே நின்றேன். முதலில் அடித்தது எங்கே போச்சு என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அசெம்பிளி எல்லாம் தெரிய வேண்டாம் அதற்கு.

கோர்ட்டில் உங்கள் அப்பா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். போன் வரவில்லை என்று நான் சொன்னதும் முகம் மாறியது. கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் என்ன நினைத்தாரோ, தம்பியைப் பறிகொடுத்தவன் என்று நினைத்தாரோ, தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு என் பக்கம் கையை நீட்டவே இல்லை. எண்ணிக் காட்டச் சொல்லியிருந்தால் போதும், அங்கேயே மாட்டியிருப்பேன்.

புத்தகத்துக்கு எழுதுங்கள். தம்பி பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடுங்கள், கீழே கட்டைவிரல் வைக்கிறேன். இரண்டாவது தடவை சரியாக அடிக்கச் சொன்னவன் அவன், கேட்கவேண்டியதைக் கேட்டவனும் அவன் ஒருவன்தான் என்று அதையும் சேர்த்து எழுதுங்கள்.

அந்தக் கேள்வி காதில் விழுந்தவர்களை எண்ணிப் பார்க்கிறேன். எண்ணத்தானே எனக்கு வரும். கேட்டவன் மூன்றாம் நாள் போய்விட்டான். தூக்கோடு நின்றவள் எட்டு வருடம் இருந்தாள், என்னை ஒரு வார்த்தை கேட்காமலே போய்ச் சேர்ந்தாள். ரிசீவரை நான் ஒரு நிமிடம் தாமதமாக வைத்திருந்தால் உங்கள் அப்பா காதிலும் விழுந்திருக்கும், அவருக்கு அந்த ஒரு வரி போதும். அவரும் இல்லை. என்னை உயிரோடு இருக்கிற கணக்கில் சேர்க்க வேண்டாம். மிச்சம் ஒருத்தி. அன்றைக்கு அம்மா இடுப்பிலிருந்து இறங்கி, பெட்டி இருந்த மேஜை மேல் ஏறிக் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மூன்று வயசுக் குழந்தை. காலையிலிருந்து என் முகத்தைப் பார்க்காமல் நான் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டிருக்கிற என் தம்பி மகள்.